கழற்றி வைத்தது

மூன்றாவது ரயருக்குக் காற்று ஏறிக்கொண்டிருந்தபோது வாசல் படலையில் பறை அடிக்கத் தொடங்கிவிட்டது. விமலேஸ்வரி பம்பை நிறுத்தவில்லை. சைக்கிள் பம்பால் கார் ரயருக்குக் காற்றடிப்பது சிரட்டையால் கிணறு இறைப்பது மாதிரியான வேலை. இருநூறு மட்டும் எண்ணி அடித்துவிட்டுப் பெருவிரலால் அமத்திப் பார்த்தாள். இன்னும் போதாது. சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

அவளுடைய அப்பா கதிர்காமநாதன் அன்று விடியற்புறம் நித்திரையிலேயே போய்விட்டார். குளிப்பாட்டி, வெள்ளை வேட்டி உடுத்தி, தலைமாட்டில் விளக்கேற்றி, விறாந்தையில் கிடத்தியிருந்தார்கள். ஒன்பது மணிக்கு விறகு வண்டில் சுடலைக்குப் புறப்பட்டபோது, அவர் படுத்த பாயையும் தலையணையையும் அதில் போட்டு அனுப்பியும் ஆயிற்று. செத்தவர் படுத்ததை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பது சித்தி கமலாசனியின் சட்டம். சித்தியின் சட்டத்துக்கு அந்த வளவில் மேல்முறையீடு கிடையாது.

அக்கராயனில் முப்பது வருடம் வாடகைக் கார் ஓடிய மனுஷன் அவர். சாம்பல் நிற ஏ-நாற்பது. பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, கலியாணம், கோயில் என்று அந்தக் கார் ஏற்றி இறக்காத ஆளில்லை. சண்டையால் பெற்றோல் வராமல் போனபிறகும் இரண்டு வருடம் மண்ணெண்ணெயில் ஓட்டினார். தொண்ணூற்றிரண்டில், "பாதை திறக்கட்டும், பாப்பம்" என்று சொல்லிக் கொட்டிலுக்குள் விட்டுக் கிடுகால் மறைத்தார். ஆறு வருடமாகப் பாதை திறக்கவில்லை. பின் சீற்றில் கோழிகள் மாத்திரம் தவறாமல் முட்டையிட்டு வந்தன.

"விமலா, உது சரிவராது பிள்ளை." சித்தப்பா அப்புத்துரை கொட்டில் வாசலில் வந்து நின்றார். கொள்ளி வைக்கப்போகிறவர் அவர்தான்; கதிர்காமநாதனுக்கு ஆண்பிள்ளை இல்லை. "அஞ்சு மணிக்கு முன்னம் எடுத்துப்போடோணும். இந்த வெக்கைக்கு உடம்பு தாங்காது. நாளைக்குச் சனி. சனிப்பிணம் தனிப்போகாதெண்டு உனக்குத் தெரியாதே?"

"அஞ்சு மணிக்கு எடுங்கோ, சித்தப்பா. நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. அதுக்குள்ளை அம்மா வந்திடுவா."

அம்மா அருந்ததி துணுக்காயில் இருந்தா. இரண்டு மாதத்துக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு வெடித்து, ஆஸ்பத்திரிக்குக் கிட்ட என்று தன் தங்கச்சி வீட்டோடு படுத்துவிட்டா. விடியச் சைக்கிளில் செய்தி கொண்டுபோன பெடியன் பத்து மணிக்கு வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து சொன்னது இவ்வளவுதான்: "அவா அழேல்லை அக்கா. 'நான் முகம் பாக்காமல் எடுக்கவேண்டாம், வாறனெண்டு சொல்லு' எண்டவா. பிறகு குளிக்கத் தண்ணி கேட்டவா."

குளிக்கத் தண்ணீர் கேட்டவளை எப்படி வராதே என்பது? உழவு மெசினின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வரலாம் என்று ஆரோ சொன்னார்கள். குண்டும் குழியுமான அந்தப் பாதையில் பெட்டியில் ஏற்றினால், வந்து சேரும்போது ஒரு செத்தவீடு இரண்டாகிவிடும் என்று சித்தப்பாவே சொன்னார். அப்போதுதான் விமலேஸ்வரி எழும்பிக் கொட்டிலுக்கு நடந்தாள். அதுவரை அவளும் அழவில்லை. அழத் தொடங்கினால் நிற்காது என்று அவளுக்குத் தெரியும்.

அவளோடு நின்றது பக்கத்து வளவுக் குகதாசன் ஒருவன்தான். அவன் தன் உழவு மெசினிலிருந்து பற்றரியைக் கழற்றித் தோளில் சுமந்து வந்திருந்தான்.

"கார் எஞ்சினிலை உனக்கு என்ன தெரியும், தங்கச்சி?"

"வாட்டர் பம்ப் தெரியும், குகன் அண்ணை."

அது போதும் என்பது அவளுடைய துணிவு. ஆறு வருடமாக மிளகாய்த் தோட்டத்துக்கு மண்ணெண்ணெய்ப் பம்பால் இறைக்கிறவள் அவள். பம்பென்ன காரென்ன, காற்றுப் போகவேண்டும், எண்ணெய் வரவேண்டும், நெருப்பு விழவேண்டும். மூன்றும் இருந்தால் எந்த எஞ்சினும் இருமாமல் இருக்காது.

முதலில் காற்று. வடிகட்டியைத் திறந்தபோது உள்ளே எலி குடும்பம் நடத்திய கூடு. அதில் அவளுடைய காணாமல்போன பச்சை ரவிக்கைத் துண்டும் இருந்தது. அள்ளி எறிந்தாள். அடுத்தது எண்ணெய். காபரேற்றரின் கிண்ணத்தில் பழைய எண்ணெய் மாம்பால்போலக் காய்ந்து ஒட்டியிருந்தது. பம்புக்கென்று ஒளித்து வைத்த அரைப் போத்தல் பெற்றோலில் கொஞ்சம் விட்டுக் கழுவி, சைக்கிள் பிறேக் கம்பியின் ஓர் இழையைப் பிரித்து ஊசித்துளையைக் குத்தி, வாயால் ஊதினாள். பெற்றோல் நாக்கை எரித்தது. காரின் எண்ணெய்த் தாங்கியை அவள் நம்பவில்லை; மண்ணெண்ணெய்க் கானைக் கூரையில் கட்டி, பம்பின் ரப்பர்க் குழாயால் நேரே இறக்கினாள்.

குகதாசன் முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றினான். எஞ்சின் இறுகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் சாமி விளக்குக் கொளுத்தியபிறகு அப்பா வந்து நாலு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவது வீணாகவில்லை. ஆனால் இருபது சுற்று, நாற்பது சுற்று. எஞ்சின் மூச்சுக்கூட விடவில்லை.

"நெருப்பில்லை," என்றாள்.

ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சின் உடம்பில் சாய்த்து வைத்துச் சுற்றச் சொன்னாள். ஒரு பொறியும் இல்லை. அடுத்த பிளக். அதுவும் இல்லை. நான்கும் ஊமை. பொறியை உண்டாக்கும் கொயிலிலிருந்து வரும் தடித்த வயரைப் பிடுங்கி இரும்புக்குக் கிட்டப் பிடித்தாள். டிக் என்று நீலமாகப் பொறி பாய்ந்தது.

"கொயிலிலை நெருப்பு நிக்குது. பிளக்குக்குப் போகேல்லை. நடுவிலைதான் ஏதோ."

நடுவில் இருப்பது ஒன்றுதான். அவள் டிஸ்ரிபியூட்டரின் கறுத்த மூடியின் கிளிப்புகளைத் தட்டித் திறந்தாள். உள்ளே ரோட்டர் இல்லை. பெருவிரல் அளவு சாமான். அதுதான் சுழன்று சுழன்று நான்கு பிளக்குக்கும் நெருப்பைப் பங்கிட்டுக் கொடுப்பது. அது இருக்கவேண்டிய தண்டு புதிதாகக் கிறீஸ் பூசி, துணிச்சுருளால் பக்குவமாகச் சுற்றப்பட்டிருந்தது.

குகதாசன் எட்டிப் பார்த்தான். "எலி கொண்டு போயிருக்குமோ?"

"எலி கிறீஸ் பூசுமே, அண்ணை? அப்பா கழட்டி வைச்சிருக்கிறார். இண்டைக்கு ஒருத்தன் வந்து காரைத் தா எண்டுவான், நாளைக்கு இன்னொருத்தன் வருவான் எண்டு பயந்தவர். இது இல்லாமல் ஆரும் காரை அரக்கேலாது, அசைக்கேலாது."

"எங்கை வைச்சவர்?"

அதைச் சொல்லக்கூடியவர் விறாந்தையில் படுத்திருந்தார். விமலேஸ்வரிக்கு அவர்மேல் பொல்லாத கோபம் வந்தது. ஊரானுக்கு ஒளித்தது சரி, பெற்ற பிள்ளைக்குமா? சாவிப்பெட்டி, சாமித்தட்டு, அலுமாரியின் மேல்தட்டு, அவருடைய சவரப்பெட்டி எல்லாம் கிண்டினாள். செத்தவீட்டுக்கு வந்த பெண்கள், இவளுக்கு என்ன பிடித்தது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரம் பன்னிரண்டரை. போக ஒரு மணித்தியாலம், வர அதைவிடக் கூட. இனி ஒரு மணித்தியாலத்துக்குள் எஞ்சின் கிளம்பாவிட்டால் அம்மா குளித்தது வீண்தான்.

சித்தி கமலாசனி தலைமாட்டில் இருந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தா. சித்தியின் ஒப்பாரி சும்மா அழுகையல்ல. செத்தவரின் வாழ்க்கையில் ஒன்று விடாமல் எடுத்துச் சொல்லுகிற அழுகை.

"செல்லடிச்ச நேரத்திலும்... என்ரை ஐயா... சோத்தை விட்டு ஓடினியள்... பங்கருக்குப் போகேக்கையும்... பஞ்சணையை விட்டியளோ... இண்டைக்கு வெறுந்தலையாப் படுத்தியளோ..."

அலுமாரிக் கதவைப் பிடித்தபடி விமலேஸ்வரி அப்படியே நின்றாள். செல் விழும்போது பங்கர்க் குழிக்குள் எல்லோரும் தண்ணீர்ப் போத்தலோடும் உடுப்புப் பையோடும் பாய, அப்பா மட்டும் அந்த அழுக்குத் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். ஊரே சிரித்தது. அவர் அதைத் தோய்க்க விட்டதில்லை. வெயிலில் போடக்கூட அவரேதான் போடுவார், எடுப்பார்.

தலையணை விறகு வண்டிலில் போய் மூன்றரை மணித்தியாலம்.

"சித்தப்பா, சைக்கிளைத் தாங்கோ."

"எங்கை?"

"சுடலைக்கு."

"உனக்கென்ன விசரே? பொம்பிளையள் சுடலைக்குப் போறதே?"

"அப்ப நீங்கள் போறியளோ? போய்த் தலையணைக்குள்ளை கார்ச் சாமான் கிடக்குதோ எண்டு கிண்டிப் பாக்கிறியளோ?"

அப்புத்துரை மறிக்க முன்னம் அவள் சைக்கிளில் ஏறிவிட்டாள்.

குளக்கட்டுக்குக் கீழே, மருதமரங்களுக்கு அப்பால் சுடலை. அங்கே விறகு அடுக்கிக்கொண்டிருந்த நடராசாவும் இன்னும் இரண்டு பேரும், வேர்த்த முகத்தோடு சைக்கிளில் வரும் பெண்ணைக் கண்டு கையில் கட்டையோடு விறைத்துப்போனார்கள். பாயும் தலையணையும் கொஞ்சம் தள்ளிச் சருகோடு கிடந்தன. பக்கத்தில் நெருப்புப் பெட்டி.

"பிள்ளை, நீ இஞ்சை வரப்படாது."

"நான் அவரோடை வரேல்லை, அண்ணை. அவரின்ரை சாமானுக்கு வந்தனான். அந்தக் கத்தியை ஒருக்காத் தாங்கோ."

தலையணையின் ஓரத்தை அமத்தி அமத்திப் பார்த்தாள். நடுவில், பஞ்சுக்குள், கல்லு மாதிரி ஒன்று. தையலைக் கீறினாள். இலவம்பஞ்சு காற்றில் எழும்பி அடுக்கிய விறகெல்லாம் படிந்தது. கையை விட்டு இழுத்தபோது, பொலித்தீனுக்குள் பொலித்தீன், அதற்குள் எண்ணெய்த் துணி, அதற்குள் ரோட்டர். பித்தளை நுனி நேற்று வாங்கியதுபோலப் பளபளத்தது. ஆறு வருடம் அதன்மேல் தலை வைத்துப் படுத்திருக்கிறார். கழுத்து நோகுது, கழுத்து நோகுது என்று எண்ணெய் பூசச் சொன்னதெல்லாம் இதனால்தான்! அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை விழுங்கிவிட்டு, கிழிந்த தலையணையைப் பாய்க்கயிற்றால் கட்டிச் சைக்கிள் கரியரில் வைத்தாள்.

"அதையேன் கொண்டு போறாய்?" நடராசா கேட்டார்.

"அம்மாவின்ரை இடுப்புக்கு."

ரோட்டர் தண்டில் டக்கென்று உட்கார்ந்தது. காபரேற்றரில் இரண்டு மூடி பெற்றோல் விட்டாள். குகதாசன் கம்பியைச் சுற்றினான். முதல் சுற்றில் ஒரு தும்மல். இரண்டாவதில் கொட்டில் நிறையப் புகை. மூன்றாவதில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கிடுகுத் தூசி கொட்ட, கோழிகள் நாலு பக்கமும் பறக்க, பறையடிப்பவர்களே ஒரு கணம் கையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

"செத்தும் குடுத்தான் எண்டு சும்மாவே சொல்லுறாங்கள்," என்றான் குகதாசன், நெற்றியைத் துடைத்தபடி. "ஏறு. வழியிலை நிப்பாட்டேலாது. நிண்டால் பிறகு ஆர் கண்டது."

துணுக்காயில் அருந்ததி படலைக்கு வெளியே கதிரையில் உட்கார்ந்திருந்தா. குளித்து, தலை வாரி, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. தங்கச்சி பின்னால் நின்று தோளைப் பிடித்திருந்தா. கார் ஒழுங்கைக்குள் திரும்புமுன்னமே சத்தத்தை அடையாளம் கண்டிருக்கவேண்டும். கதிரையோடு காரடிக்குத் தூக்கி வந்து, பின் சீற்றில் ஏற்றி, இடுப்புக்குக் கீழே தலையணையைக் கொடுத்தபோது வலியில் பல்லைக் கடித்தா, சத்தம் போடவில்லை. கொஞ்சத் தூரம் போனபிறகு கேட்டா:

"கழட்டி வைச்சவரெல்லே. எங்கை இருந்தது?"

"உங்களுக்குத் தெரியுமே, அம்மா?"

"கழட்டினது தெரியும். எங்கையெண்டு கேட்டன், சொல்லேல்லை. உனக்குத் தெரிஞ்சால் ஆரும் வெருட்டிக் கேக்கேக்க சொல்லிப்போடுவாய் எண்டார்."

"நீங்கள் இப்ப அதுக்கு மேலைதான் இருக்கிறியள்."

அருந்ததி கையைக் கீழே விட்டுத் தடவிப் பார்த்தா. கிழிந்த ஓரமும் பஞ்சும் விரலில் பட்டன.

"கள்ளன்," என்றா. பிறகு அக்கராயன் வரும்வரை கையை அதிலிருந்து எடுக்கவில்லை.

நாலேகாலுக்குக் கார் படலையில் நின்றது. குகதாசன் எஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்த ஒருவருக்கும் மனம் வரவில்லை. நாலு பேர் அருந்ததியைக் கதிரையோடு தூக்கித் தலைமாட்டில் வைத்தார்கள். அவா குனிந்து முகத்தைப் பார்த்தா. வெகுநேரம் பார்த்தா. நெற்றியில் கலைந்த விபூதியைச் சரிசெய்தா. வாய்க்கரிசி போட்டபிறகு, தலையை நிமிர்த்தாமல் சொன்னா:

"பிள்ளை, தலையணையைக் கொண்டா. அது இல்லாமல் அவருக்கு நித்திரை வராது."

சித்தி கமலாசனியின் சட்டம் வாய்வரை வந்து நின்றுவிட்டது. அப்புத்துரைதான் அண்ணனின் தலையை மெதுவாக உயர்த்திப் பிடித்தார். விமலேஸ்வரி தலையணையை வைத்தாள். இப்போது அது மெத்தென்று அமுங்கியது.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் பாடை படலையைத் தாண்டியது. பெண்கள் படலையோடு நின்றார்கள். குளக்கட்டுப் பக்கமாகப் பறைச் சத்தம் தேய்ந்துகொண்டு போக, அதுவரை கேட்காதிருந்த எஞ்சின் சத்தம் ஒழுங்கை முழுவதும் தனியாகக் கேட்டது.

"நிப்பாட்டு, பிள்ளை," என்றா அம்மா. "எண்ணெய் வீண்."

விமலேஸ்வரி சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இரண்டு தரம் குலுங்கி அடங்கியது. முன்மூடியைத் திறந்து, கிளிப்பைத் தட்டி, ரோட்டரைக் கழற்றினாள். தண்டில் பழைய துணிச்சுருளையே மறுபடி சுற்றினாள். ரோட்டர் விரலைச் சுட்டது. சேலைத் தலைப்பில் அதை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, அம்மாவை உள்ளே கொண்டுபோக ஆள் கூப்பிடப் போனாள்.