ஜனீலின் இறப்புத் தேதி

லாரீன் மார்டென்சன் தன் ஒரே தங்கையைச் சாகடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சமையலறை மேசையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு. ஜனீலின் பிறந்த தேதி அங்கே முன்பே இருந்தது. இறந்த தேதிக்கான கட்டத்தில் போன அக்டோபரில் ஒரு நாளைப் போட்டாள். இறந்த இடம் நெவாடா மாநிலம், எல்கோ. 'சேமி' என்ற பொத்தானைத் தொடுவதற்கு முன் எழுந்துபோய் வாசல் கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். திரும்பி வந்து அழுத்தினாள். ஜனீலோ அந்த நேரம் மொன்டானாவில் ஒரு ரொட்டிக்கடையில் குத்துக்கல்லாட்டம் நின்று மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

அவள் ஊரான எஃப்ரைமில் 'மரம்' என்று சொன்னால் யாரும் ஜன்னல் வழியாக வெளியே பார்க்கமாட்டார்கள். கணினியில் இருக்கும் வம்சாவளி மரத்தைத்தான் சொல்கிறார்கள் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். டென்மார்க்கிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வழிவந்த ஊர் இது. பிஷப் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையில் நாலு பேர் போனை மடியில் வைத்துக்கொண்டு கொள்ளுத்தாத்தாவைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அந்த மரம் உலகத்துக்கே பொது. உயிரோடிருப்பவர்களை அது மூடி வைக்கும். எழுதி வைத்தவரைத் தவிர வேறு கண்ணுக்குக் காட்டாது. செத்தவர்களைத் திறந்து போட்டுவிடும். யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம். ஒரு குடும்பத்தைப் பின்தொடர்வதாகச் சொல்லிவிட்டால், அங்கே ஒரு எழுத்து மாறினாலும் மின்னஞ்சல் வந்துவிடும்.

லாரீன் சாதாரணமாகப் பொய் எழுதுகிற ஆளே இல்லை. சர்ச் கட்டடத்தில் இருக்கும் குடும்ப வரலாற்று மையத்தில் பல வருஷமாக உதவிக்கு உட்காருகிறவள். தன் பாட்டனார் டென்மார்க் ராஜாவுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டு வந்த பெரிய மனிதர்களையெல்லாம், ஆதாரம் எங்கே என்று ஒரே கேள்வியில் வீட்டுக்கு அனுப்பியவள். அவள் பதிவு செய்ததை யாரும் மறுபடி சரிபார்ப்பதில்லை. அந்த நம்பிக்கையின் மேல் ஏறி நின்றுதான் இந்தப் பொய்யைச் சொன்னாள்.

காரணம் கார்டெல். ஜனீலின் புருஷனாக இருந்தவன். அவள் தாடையை உடைத்ததற்காக ஜெயிலுக்குப் போய், இந்த வசந்தத்தில் வெளியே வந்திருந்தான். வெளியே வந்தவன் கூச்சல் போடவில்லை, குடிக்கவில்லை. போன வியாழக்கிழமை முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நேராகக் குடும்ப வரலாற்று மையத்துக்கு வந்து உட்கார்ந்தான். அது எல்லோருக்கும் திறந்திருக்கும் இடம். போ என்று சொல்ல முடியாது. அறையில் இரண்டு கிழவர்கள் வேறு இருந்தார்கள்.

அவன் கையைத் தூக்கினான், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. சர்ச்சில் எல்லோரும் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டான்.

"சகோதரி மார்டென்சன், கொஞ்சம் உதவி பண்ணுங்களேன். செத்தவங்களைத் தேடுறது எனக்கு வருது. உயிரோட இருக்கறவங்களை எப்படித் தேடறது?"

அது அந்த மையத்தில் சொல்லித் தருவதில்லை என்றாள் லாரீன்.

"பரவாயில்ல. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. தினம் வந்து கத்துக்கறேன்" என்றான். சிரித்தான்.

தினமும் வந்தான். பழைய செய்தித்தாள்களைப் புரட்டும் தளம், வீட்டுப் பதிவுகள், தொலைபேசிப் புத்தகங்கள் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். பொறுமையாகக் கற்றுக்கொண்டான். அவன் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த லாரீனுக்கு, நாமே கத்தியைத் தீட்டிக் கொடுக்கிறோமே என்று தோன்றியது. தன்னுடைய, ஜனீலுடைய அப்பா அம்மாவின் பக்கங்களை அவன் பின்தொடர்கிறான் என்பதும் திரையில் தெரிந்தது. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. செத்தவளை யார் தேடுவார்கள்?

செவ்வாய் பதிவு போட்டாள். புதன்கிழமை கார்டெல் மையத்துக்கு வரவில்லை.

வந்தது பக்கத்து வீட்டு ஃபே. கையில் சுடச்சுட உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்து வேகவைத்த பாத்திரம். மேலே நொறுக்கிய கார்ன்ஃப்ளேக்ஸ். எஃப்ரைமில் எந்த இழவு வீட்டுக்கும் முதலில் போய்ச் சேருவது அதுதான். ஃபேயும் மரத்தைப் பார்த்திருக்கிறாள். கண் கலங்கி லாரீனைக் கட்டிக்கொண்டு, இத்தனை மாசம் தனியாகவே மனசில் வைத்துப் புழுங்கினாயே என்று திட்டினாள். லாரீன் அழுதாள். நடிப்பு தேவைப்படவில்லை, பயத்தில் வந்த அழுகையே போதுமானதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊரில் பாதிப் பேர் துக்கம் கேட்டுவிட்டார்கள், ஃபிரிட்ஜில் அதே உருளைக்கிழங்கு ஐந்து பாத்திரம் சேர்ந்துவிட்டது. செத்தவள் உயிரோடு வந்து தின்றாலும் தீராது.

அந்த ஞாயிறு மாலை கார்டெல் போன் செய்தான்.

"மரத்துல பாத்தேன். கஷ்டமா இருந்துச்சு. எங்க புதைச்சீங்க? ஒரு பூ வைக்கணும்."

இதை அவள் யோசித்து வைக்கவில்லை. கல்லறைகளைப் படமெடுத்துப் போடும் தளம் ஒன்று இருக்கிறது, கல் இல்லாத கல்லறையைக்கூட அங்கே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது மட்டும் பளிச்சென்று ஞாபகம் வந்தது. அதனால் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"புதைக்கல. எரிச்சிட்டோம்."



"உங்க வீட்ல யாரையும் எரிச்சதில்லையே, சகோதரி மார்டென்சன்" என்றான் மெதுவாக. "உங்க தாத்தாவோட தாத்தாவரைக்கும் எல்லாரும் மேட்டுக் கல்லறையிலதானே கிடக்காங்க. நீங்கதானே எனக்குக் காட்டினீங்க."

அவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான். லாரீன் எல்லா ஜன்னல் திரைகளையும் இழுத்து மூடினாள். நம்பினானா இல்லையா? முழுசாக நம்பவில்லை, முழுசாக நம்பாமலும் இல்லை. ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது ஜனீலின் உயிர்.

அந்த இழையை அறுத்தது கார்டெல் அல்ல. வெர்னன் என்ற ஒரு நல்ல மனிதர்.

வெர்னன் ஓரிகான் மாநிலத்தில் இருக்கிறார். நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். லாரீனுக்கு இரண்டு விட்ட அண்ணன் முறை. இருவரும் நேரில் பார்த்ததில்லை. மரத்தில் ஆதாரமில்லாத ஒரு தேதியைக் கண்டால், சோற்றில் கல் கடித்த மாதிரி ஆகிவிடும் அவருக்கு. தெரியாதவர்களின் வம்சத்தையெல்லாம் இரவல் வாங்கித் திருத்துகிற பரோபகாரி. அவரிடமிருந்து லாரீனுக்கு ஒரு செய்தி வந்தது. 'அன்புச் சகோதரி, தங்கள் தங்கையின் மறைவுக்கு வருந்துகிறேன். ஆனால் இறப்புக்கு ஆதாரம் எதுவும் இணைக்கப்படவில்லையே. நெவாடா பதிவுகளில் தேடினேன், காணோம். கவலை வேண்டாம், நான் கண்டுபிடித்துத் தருகிறேன்.'

லாரீன் உடனே பதில் எழுதினாள். தயவுசெய்து விட்டுவிடுங்கள், இது எங்கள் வீட்டுத் துக்கம், எனக்கு இதைக் கிளற மனசில்லை. அவர் அதைவிட அன்பாகப் பதில் போட்டார். அதனால்தான் உங்களுக்குப் பதிலாக நான் தேடுகிறேன் என்றார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு போன். 'அண்ணா, அவ உயிரோட இருக்கா, ஒருத்தன் அவளைக் கொல்லத் தேடறான், வாயை மூடிக்கோங்க' என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் செத்தாலும் வாயைத் திறந்திருக்கமாட்டார். ஆனால் பயந்தவளுக்கு எல்லோரும் கார்டெலாகத் தெரிந்தார்கள். வெர்னனிடம் எதைச் சொன்னாலும் அதற்கும் ஒரு ஆதாரம் இணைத்து மரத்தில் போட்டுவிடுவார் என்று நினைத்தாள். பதில் சொல்லாமல் இருந்தால் அலுத்துப்போய் விட்டுவிடுவார் என்று காத்திருந்தாள். இத்தனை வருஷம் இந்தக் கூட்டத்தோடு பழகியவள், இவர்கள் அலுத்துப்போகிற ஜாதி இல்லை என்பதை மறந்துவிட்டாள்.

இன்னொன்றும் இருந்தது. ஜனீல் ஊரைவிட்டு ஓடியபோது புதுப்பெயர் வேண்டும் என்றாள். ஏதாவது ஒரு பெயரை வைத்துக்கொண்டு போயிருக்கலாம். லாரீன்தான் கேட்கவில்லை. யாரோ ஒருத்தியின் பெயரில் என் தங்கை வாழ்வதா என்று, மரத்திலிருந்து தங்கள் கொள்ளுப்பாட்டியின் கல்யாணத்துக்கு முந்தைய பெயரை எடுத்துக் கொடுத்தாள். மாரென் ஸ்காவ். கார்டெலுக்குத் தெரியாத பழைய பெயர். எப்படியும் குடும்பத்துக்குள் இருந்த மாதிரி இருக்கும் என்று இருவரும் அன்றைக்கு ஆறுதல் பட்டுக்கொண்டார்கள். அந்த மாரென் ஸ்காவ் வெர்னனுக்கும் கொள்ளுப்பாட்டி.

சனிக்கிழமை மதியம் லாரீன் மையத்தில் உட்கார்ந்திருந்தாள். மரத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. 'நீங்கள் பின்தொடரும் குடும்பத்தில் மாற்றம்.' திறந்தாள்.

ஜனீலின் பக்கத்தில் வெர்னன் ஒரு ஆதாரத்தை இணைத்திருந்தார். மொன்டானாவில் டில்லன் என்ற ஊரின் செய்தித்தாள். கண்காட்சியில் பரிசு வாங்கிய பழக்கேக்கோடு ரொட்டிக்கடை ஊழியர்கள் நிற்கிறார்கள். இடதுகோடியில் ஜனீல், தாடை கொஞ்சம் கோணி, சிரித்துக்கொண்டு. கீழே கடையின் பெயர், 'மாரென் ஸ்காவ்' என்று அவள் பெயர். அதற்கும் கீழே வெர்னனின் குறிப்பு. 'மகிழ்ச்சியான செய்தி! நம் கொள்ளுப்பாட்டியின் பெயரைத் தேடப்போய்க் கிடைத்தது; முகத்தை மரத்திலிருக்கும் படத்தோடு ஒத்துப் பார்த்தேன். நம் ஜனீல் இறக்கவில்லை. இறந்த தேதியை நீக்கி, விதிப்படி இப்பக்கத்தை மறைக்குமாறு நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன். திங்களன்று செய்துவிடுவார்கள்.'

திங்களன்று. அதுவரை அது திறந்தே கிடக்கும். திறந்து கிடந்தாலும் மறைத்தாலும் இனி என்ன? பின்தொடர்கிற எல்லோருக்கும் மின்னஞ்சல் போய்விட்டது. முந்தைய நாளே போயிருக்கிறது. இவள்தான் இன்றைக்குத் திறந்து பார்த்திருக்கிறாள்.

லாரீன் போனை எடுத்தாள். ஜனீலின் எண்ணை அழுத்தினாள். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. ரொட்டிக்கடைக்குப் போட்டாள், அதுவும் அடித்துக்கொண்டே இருந்தது. ஷெரிஃப் அலுவலகத்தில் பேசிய பெண் நிதானமாகப் பெயரையெல்லாம் எழுத்துக்கூட்டிக் கேட்டு, அது வேறு மாநிலம், அந்த ஊர்க்காரர்களுக்குத் தகவல் சொல்கிறோம் என்றாள். மையத்தைப் பூட்டாமலே லாரீன் காரை எடுத்தாள். கார்டெல் வாடகைக்கு இருக்கும் வீடு வான்கோழிப் பண்ணை தாண்டி இருக்கிறது. காரை நிறுத்தாமல் மெல்ல ஓட்டிப் பார்த்தாள். அவனுடைய வண்டி அங்கே இல்லை. நிற்கிற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

அவள் சாலையோரம் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துப் பிரார்த்தனை செய்தாள். தங்கையின் பெயரைக்கூட எதைச் சொல்வது என்று தெரியவில்லை. தங்கச்சி, தங்கச்சி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான் காட்டிக் கொடுத்துவிட்டேன் என்ற நினைப்பு நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. செத்தவளாக எழுதாமல் இருந்திருந்தால் அந்தப் பக்கம் மூடியே கிடந்திருக்கும், வெர்னன் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்.

போன் அடித்தது. தெரியாத எண்.

"அக்கா."

லாரீன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பாத்தேன் அவனை" என்றாள் ஜனீல். மூச்சு வாங்கியது. பின்னால் லாரி இரைச்சல். "கடைக்கு எதிர்ல வண்டியை நிறுத்திட்டு உக்காந்திருந்தான். போனைப் பாக்கறதும் போற வர்றவங்க முகத்தைப் பாக்கறதுமா இருந்தான். நான் பின்வாசல் வழியா வந்துட்டேன். என் போனை அங்கேயே போட்டுட்டேன். இது வேற ஒருத்தங்க போன்."

அடிபட்டதா என்று லாரீன் கேட்டாள். இல்லை என்றாள். போலீஸ் வருமா என்று கேட்டாள். வந்தாங்க, அவன்கிட்ட மரியாதையா பேசிட்டிருந்தாங்க, அவனும் மரியாதையா பேசினான், நான் நின்னு பாக்கல என்றாள்.

"நான்தான்டி பண்ணேன்" என்றாள் லாரீன். "உன்னைக் காப்பாத்தறதா நெனச்சு நான்தான் எழுதினேன். அந்தப் பேரும் நான் குடுத்ததுதான்."

"தெரியும். நானும் மரத்தைப் பாத்தேன்."

கோபமில்லாமல்தான் சொன்னாள். அதுதான் லாரீனால் தாங்க முடியவில்லை. எங்கே இருக்கிறாய், நான் காரை எடுத்துக்கொண்டு வருகிறேன், எந்தப் பக்கம் போகிறாய் என்று அடுக்கிக்கொண்டே போனாள். ஜனீலின் பக்கம் லாரி ஒன்று கடந்து போனது.

"அக்கா, இந்தத் தடவை உன்கிட்ட சொல்லமாட்டேன்."

லாரீன் வாயைத் திறந்தாள்.

"எந்த ஊருன்னும் சொல்லமாட்டேன். என்ன பேருன்னும் சொல்லமாட்டேன். நம்ம வீட்டுப் பேர் எதுவும் இல்ல. நீ தேடாதே. நீ தேடினா கண்டுபிடிச்சிடுவே, எனக்குத் தெரியும். அதனாலதான் சொல்றேன், தேடாதே."

"ஒரு தடவை போனாவது பண்ணு. எப்பவாவது."

"முடியாதுக்கா."

பின்னால் யாரோ ஜனீலைக் கூப்பிட்டார்கள். அவள் புதுப்பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். அது லாரீனின் காதில் விழுந்துவிடப் பார்த்தது. அவள் சட்டென்று போனைக் காதிலிருந்து எடுத்து, மடியில் கவிழ்த்து, இரண்டு கையாலும் இறுக அமுக்கிக்கொண்டாள். மறுபடி எடுத்துப் பார்த்தபோது இணைப்பு இல்லை. திரையில் இருந்த அந்த எண்ணை, கண்ணில் பதிவதற்குள் அழித்தாள்.