பச்சை ஒயர்

குருசாமி ஆர்கனின் பின்பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார். "வாசிங்கம்மா. அந்த இரைச்சல் என் காதுலயும் விழட்டும்" என்றார். எலினா பெஞ்சில் உட்கார்ந்து விரல்களைக் கட்டைகளின் மேல் வைத்தாள். கால்களை மட்டும் பெடலில் படாமல் ஓர் அங்குலம் தூக்கியே வைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை. மறுநாள் சபையார் எல்லோரும் கூடி உண்ணும் அசனப் பண்டிகை. தேவாலயத்துக்கு வெளியே தூறலில் நனைந்துகொண்டே பந்தல்காரர்கள் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார்கள். ராஜபாளையத்தில் ஆர்கன் பார்க்க ஆள் கிடைக்காமல் சபைச் செயலாளர் ஞானரத்தினம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து குருசாமியை வரவழைத்திருந்தார். கல்யாண மண்டபம், கோயில் மைக் செட் என்று அறுபது வயதிலும் ஓடிக்கொண்டிருப்பவர். ஆர்கன் அவருக்கும் புதுசுதான். "எல்லாம் ஒயர்தானம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே தலையை விட்டிருந்தார்.

எலினா பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். ஆறு நாள் நின்றே வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உட்கார்ந்து வாசிக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பதினாறு வருடங்களாக அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆறு மாதத்துக்கு முன்பு, ஆர்கனை மிக்சரோடு இணைத்தாலே ஸ்பீக்கரில் தேன்கூடு மாதிரி ஒரு 'ம்ம்ம்' கேட்க ஆரம்பித்தது. "சத்தம் நிக்கலன்னா இத ஓரமாப் போட்டுருவோம். ஜெர்வின் புது கீபோர்டு வச்சிருக்கான், அவன் வாசிக்கட்டும்" என்று ஞானரத்தினம் போகிற போக்கில் சொன்னார். அவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. போனில் ஒரு வீடியோ கிடைத்தது. பிளக்கைக் கழற்றி, பச்சை ஒயரை வெட்டிவிட்டால் இரைச்சல் போய்விடும் என்று ஒருவன் சிரித்துக்கொண்டே காட்டினான். வெட்டினாள். போய்விட்டது. அந்த ஞாயிறு போதகரே ஜெபத்தில் அதற்காக ஸ்தோத்திரம் சொன்னார்.

மூன்று வாரமாக வேறொரு சத்தம். 'ஜ்ர்ர்' என்று, இரும்பில் அரம் போடுகிற மாதிரி. அதோடு கூட, வெறுங்காலைப் பெடலில் வைத்தால் உள்ளங்காலில் எறும்பு ஊர்ந்தது. அவளுடைய அண்ணனுக்குச் சர்க்கரை இப்படித்தான் எறும்பில் ஆரம்பித்து, முழங்காலுக்குக் கீழே எடுக்கிற வரைக்கும் போனது. எலினா ரத்தம் பரிசோதிக்கப் போகவில்லை. காப்பியில் சீனியை நிறுத்தினாள். வீட்டில் கேட்டதற்கு வாய்க்குப் பிடிக்கவில்லை என்றாள். ராத்திரி போர்வைக்குள் கால்விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி வலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

இன்று காலை வரை அவள் பயந்தது இரண்டுக்கு. கால் போய்விடும் என்று ஒன்று. குருசாமி பிளக்கைத் திறந்து பார்த்துவிடுவார் என்று ஒன்று.

அவர் ஆர்கனுக்கும் மிக்சருக்கும் நடுவே இருந்த கேபிளை உருவினார். ஸ்பீக்கர் அடங்கியது. ஆனால் பெட்டிக்குள்ளேயே 'ஜ்ர்ர்' மெல்லக் கேட்டது. "இது வேற எங்கயும் இருந்து வரல. இதுக்குள்ளயேதான் இருக்கு" என்று முனகிக்கொண்டு சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார். ஆர்கனின் முன் விளிம்பில் ஓடிய இரும்புப் பட்டையில் முனையை வைத்தார்.

டெஸ்டர் எரிந்தது.

குருசாமி கையை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார். திரும்பவும் எரிந்தது. பெடல் சட்டத்தில் வைத்தார். அங்கேயும்.

"யம்மா, எந்திரிங்க. எதையும் பிடிக்காம எந்திரிங்க."

அவள் எழுந்தாள்.

"கால்ல ஏதாச்சும் தெரியுமா?"

"எறும்பு ஊருத மாதிரி இருக்கும் அண்ணாச்சி. சுகர்னு நெனச்சேன்."

"சுகரும் இல்ல, எறும்பும் இல்ல. கரண்டு. உள்ள இருக்குற டிரான்ஸ்பார்மர் லீக்காயி பாடி முழுக்க ஏறி நிக்குது. எர்த் இருந்தா பியூஸ் போயிருக்குமே, எப்படிப் போகாம இருக்கு?" அவர் ஆர்கனை ஒட்டி நின்ற மைக் ஸ்டாண்டைப் பார்த்தார். "நல்லவேளை, இதையும் அதையும் ஒருசேர யாரும் தொடல."

எலினா இரும்புப் பட்டையைப் பார்த்தாள். போன ஞாயிறு, பதிமூன்று வயது மகள் அக்சா தனிப்பாட்டுப் பாடும்போது இடதுகையை இந்தப் பட்டையில்தான் ஊன்றியிருந்தாள். உதடு மைக்கில் பட்டதும் வீலென்று கத்திப் பாட்டை விட்டாள். "அம்மா, சுள்ளுன்னு கடிச்சிட்டும்மா" என்று அழுதவளை எலினா, ஆராதனை முடிந்ததும் வெளியே இழுத்துப்போய், "பாட்டு மறந்துபோச்சுன்னு சொல்லு, எதுக்குட்டி நடிக்க?" என்று கன்னத்தில் ஒன்று வைத்திருந்தாள்.

"அம்மா, பந்தலுக்கு இன்னும் நாலு பெஞ்சு வேணுமாம்."

அக்சா பக்கவாசல் வழியாக வந்துகொண்டிருந்தாள். நனைந்த பாவாடை காலோடு ஒட்டியிருந்தது. தரையில் ஈரத் தடம் பதிந்தது. பேசிக்கொண்டே, பழகின இடத்தில் பழகின மாதிரி, இடதுகையை ஆர்கன் பட்டையில் ஊன்றப்போனாள். வலதுகை மைக்கைத் தள்ளி வைக்க நீண்டது.

குருசாமி "ஏ பாப்பா!" என்பதற்குள் எலினா சுவரில் போய் மோதி, சுவிட்சை உள்ளங்கையால் அறைந்தாள். ஆர்கன் விளக்கு அணைந்தது. பெட்டிக்குள் சத்தம் நின்றது.

அக்சா இரண்டு கைகளாலும் இரண்டையும் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னம்மா?"

எலினா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

குருசாமி பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவி, மடியில் வைத்துத் திருகுகளைக் கழற்றினார். உள்ளே எர்த்துக்குப் போகிற பச்சை ஒயர் பாதியில் நின்றது. நுனியில் கறுப்பு டேப் இல்லை. காயத்துக்குப் போடுகிற வெள்ளைப் பிளாஸ்டர், மூலை மடித்து, நேர்த்தியாகச் சுற்றியிருந்தது. அவர் அதையே பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் எங்கே வேலை பார்க்கிறாள் என்று காலையில் பேச்சுவாக்கில் கேட்டிருந்தார்.

"மிக்சர் ஒரு சுவத்துல, இது ஒரு சுவத்துல சொருகியிருக்கு. அதான் மொதல்ல இரைஞ்சிருக்கு" என்றார் மெதுவாக. "ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில சொருகியிருந்தா அன்னைக்கே இரைச்சல் போயிருக்கும். நாலடி ஒயர் போதும்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "டிரான்ஸ்பார்மர் மதுரையில இருந்து வரணும். நாளைக்கு இத ஆன் பண்ணக்கூடாது. செயலாளர்ட்ட எலி கடிச்சிட்டுன்னு சொல்லிக்கிடுதேன். பொதுவா எலிதான் கடிக்கும்."

எலினா தலையாட்டப் போனாள். அப்படியே விட்டிருக்கலாம். அக்சா இன்னும் எதுவும் புரியாமல், பாவாடையைப் பிழிந்துகொண்டு அங்கேயே நின்றாள். அவள் கீழுதட்டின் ஓரத்தில் பொட்டளவுக்குக் கறுத்த தழும்பு. அது என்னவென்று எலினா ஒரு வாரமாகக் கேட்கவில்லை.

"எலி இல்ல அண்ணாச்சி. நான்தான் வெட்டினேன். செயலாளர்ட்ட நானே சொல்லுதேன்."

குருசாமி பின்பலகையை எடுத்துப் பொருத்த ஆரம்பித்தார்.

அக்சா மைக்கைப் பார்த்தாள். ஆர்கனைப் பார்த்தாள். அவளுக்குள் ஒன்றொன்றாகப் பொருந்துவது எலினாவுக்குத் தெரிந்தது.

"அன்னைக்கு நெசமாவே கரண்டாம்மா?"

"ஆமாட்டி."

"நான் நடிக்கலல்லா?"

"இல்ல."

அக்சா அழுவாள் என்று எலினா நினைத்தாள். அவள் அழவில்லை. நடுப்பாதையில் நடந்துபோய், கடைசி வரிசைப் பெஞ்சில், ஓரமாக, இந்தப் பக்கம் முகம் காட்டாமல் உட்கார்ந்துகொண்டாள். எலினா சுவரைப் பிடித்து எழுந்தாள். பந்தலில் யாரோ கயிறு கேட்டுக் கத்தினார்கள். நடுப்பாதையின் சிமெண்டுத் தரையில் மகளின் ஈரக் காலடிகள் கடைசிப் பெஞ்சு வரைக்கும் போயிருந்தன. அவை விளிம்பிலிருந்து காய்ந்து சிறுத்துக்கொண்டிருந்தன. எலினா அவற்றை மிதிக்காமல், ஓரமாக நடக்கத் தொடங்கினாள்.