எதிர்வீட்டுக் கம்பளத்தின் நிறம்

1

இந்தக் கதை எனக்கு ஜன்னல் வழியாக வந்தது. எழுதுகிறவர்கள் கனவில் வந்தது, பயணத்தில் கிடைத்தது என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே பல்டாக்டர் வீட்டுக் கூடம். நடுவே ஓர் ஒடுக்கமான தெரு. அவர்கள் திரை போடாதது என் குற்றமில்லை.

அந்தக் கூடத்தில் ஒருநாள் கையால் முடிச்சிட்ட பாரசீகக் கம்பளம் விரிந்தது. பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். மறுநாள் டாக்டரின் மனைவியைத் தெருவில் பிடித்துக்கொண்டேன்.

“என்ன நிறம்க்கா அது! மாதுளை முத்தை நசுக்கி ஊத்தின மாதிரி.”

“மாதுளையா? வெளிறின ரோஜாப்பூ மாதிரில்ல இருக்கு.”

“நான் என் கண்ணால பாத்தேன்க்கா.”

“நீ பாக்காம இருந்தாத்தான் ஆச்சரியம்.”

இரண்டு பேரில் யாரும் பொய் சொல்லவில்லை. அங்கேதான் எனக்குக் கை அரிக்கத் தொடங்கியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “எங்கோ ஒரு மலையடிவாரத்தில் ஒரு பெண் தறிக்கு முன்னால் உட்கார்ந்து, நூலைக் கட்டி, இழுத்து, வெட்டி, மறுபடியும்…”

விட்டுவிட்டேன். அந்த மலையை நான் பார்த்ததில்லை. என் பார்வை எதிர்வீட்டுக் கூடம் வரைதான் போகும்.

இரண்டாவது தொடக்கம்: “கம்பளம் என்பது மனித நாகரிகத்தின்…”

இதை முடிக்கவே கூச்சமாக இருந்தது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இயந்திரம் நெய்த கம்பளம் வகிடெடுத்தது போல நேராக இருக்கிறது. விலையும் கைக்கு எட்டுகிறது. இருந்தும் கைவேலைக்கு உள்ள மவுசு குறைவதாயில்லை. அதை வைத்திருப்பவர்கள் வந்தவரை உட்காரச் சொல்வதற்கு முன்பே மூலையைத் திருப்பிப் பின்பக்கத்து முடிச்சுகளைக் காட்டுகிறார்கள். அடுத்து, கோணலைக் காட்டுகிறார்கள். “இந்தப் பூவைப் பாருங்க, பக்கத்துப் பூவைவிடக் கொஞ்சம் சின்னது. கைவேலைன்னா இப்படித்தான்!” மருமகள் செய்த கோணலை எந்த வீட்டிலாவது இப்படி விரல் வைத்துக் காட்டி மெச்சியிருக்கிறார்களா?

(அப்படி ஒரு வீடு இருந்தால் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த பெண்கள் சிலர் இருக்கிறார்கள்.)

அந்தச் சின்னப் பூவில் ஏதோ இருக்கத்தான் செய்கிறது. யாருக்கோ அன்று கை அசந்திருக்கிறது. அல்லது மனம் எங்கோ போயிருக்கிறது. அந்த ஒரு கணம் கம்பளியில் அப்படியே தங்கிவிட்டது. நாம் அதை வாங்கி நம் கூடத்தில் போட்டுக்கொள்கிறோம்.

3

இனி டாக்டர். அவருடைய அக்கா வீட்டில் இதுபோல ஒரு கம்பளம் உண்டு. அதன்மேல் யாரும் கால் வைப்பதில்லை. சுவரோரமாக நண்டு மாதிரி நகர்ந்துதான் சோபாவை அடைய வேண்டும். அந்த அக்காவுக்குத் தன் கூடத்தையும் காட்ட வேண்டும் என்பது தம்பியின் நெடுநாள் ஆசை.

கடையில் அவர் மனம் பறிகொடுத்தது மாதுளைச் சிவப்பில். அந்தக் கடைக்காரருக்கு ஒரு வழக்கம். “வீட்ல போட்டுப் பாருங்க சார். ஒத்துவரலேன்னா நானே வந்து எடுத்துக்கறேன்” என்பார். இடையில் மாற்றிவிட்டதாகப் பேச்சு வரக்கூடாதென்று, பின்பக்கத்துத் துணிப்பட்டையில் வாங்குபவரையே கையெழுத்துப் போடச் சொல்வார். டாக்டரும் போட்டார்.

வீட்டில் தன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால், வெளிறின ரோஜா. நாலு நாள் கண்ணைக் கசக்கிப் பார்த்துவிட்டுப் போனைப் போட்டார்.

“மாத்தி அனுப்பிட்டீங்க!”

“பின்பக்கம் உங்க கையெழுத்து இருக்கா பாருங்க சார்.”

“இருக்கு.”

“அப்ப அதேதான் சார். ஒண்ணு பண்ணுங்க. எழுந்து அந்தப் பக்கமா போய் நின்னு…”

டாக்டர் போனை வைத்துவிட்டார். “எனக்கே எழுந்து நிக்கக் கத்துத் தர்றான்!” மறுபடி எடுத்து, சனிக்கிழமை வந்து தூக்கிக்கொண்டு போகும்படி சொன்னார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அந்தப் பக்கம் என்பது ஜன்னல் பக்கம். அவர் அங்கே போவதே கிடையாது. போனால் என்னைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அவர் மனைவி போனாள். பாதி வாக்கியம் அவள் காதிலும் விழுந்திருந்தது. ஜன்னலருகே நின்று திரும்பிப் பார்த்தாள்: மாதுளை. கம்பளி இழை எல்லாம் பூனையின் முதுகு மயிர் போல ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ஒரு முனையிலிருந்து பார்த்தால் இழையின் மினுக்கம் தெரிகிறது. மறுமுனையிலிருந்து அதன் ஆழம். மினுக்கம் டாக்டருக்கு, ஆழம் எனக்கு.

அவள் தலை நிமிர்ந்தபோது நான் கரண்டியும் கையுமாக நின்றிருந்தேன். “வாயைத் திறக்காதே” என்று கண்ணாலேயே சொன்னாள்.

4

ஏன் திறக்கக்கூடாது? இங்கேதான் இந்தப் பாத்திரம் எனக்குப் பிடிபடாமல் நழுவியது.

அவளுக்குத் தூக்கம் போய் வெகுகாலம் ஆகிறது. மெத்தை மாற்றினார்கள், மாத்திரை மாற்றினார்கள், படுக்கையறையையே மாற்றினார்கள். நானும் அவளுக்காக ஒரு காரணம் எழுதிப் பார்த்தேன்: மகள் தூரதேசம் போய்விட்டாள் என்று. அடித்துவிட்டேன், மகளே கிடையாது. பழைய சோகம் ஒன்று வைத்தேன். அதுவும் ஒட்டவில்லை. தூக்கம் வராததற்குக் காரணம் கேட்கிறவர்கள் எல்லோரும் நன்றாகத் தூங்குகிறவர்கள்.

கம்பளம் வந்த வாரத்தில் ஒரு மதியம், அந்தப் போனுக்கு முன்பே, அவள் தோட்டின் திருகு கழன்று அதில் விழுந்தது. தேடக் குனிந்தவள் கன்னத்தைக் கம்பளியில் வைத்து, இழைகளின் ஊடே பார்த்தாள். அவ்வளவு கிட்டத்தில் பூக்கள் பூக்களாக இல்லை. புல்லாகி, புல்லுக்கு நடுவே ஒரு பாதையாகி, பாதை ஓரத்தில் நீர் ஓடுகிற சத்தமாகிவிட்டன. இந்தக் கம்பளத்திலும் ஒரு பூ மற்றதைவிடச் சின்னது; அதன் அருகே பாதை திரும்பியது. திரும்பினாள். விழித்தபோது வெயில் சுவரேறிப் போயிருந்தது. கன்னத்தில் கம்பளியின் அச்சு.

பிறகு தினமும் மதியம் அங்கே போய் வந்தாள். டாக்டருக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அவர் யாருடைய வாய்க்குள்ளாவது இருப்பார்.

5

வெள்ளிக்கிழமை அவளை மறுபடியும் தெருவில் மடக்கினேன்.

“நாளைக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்கக்கா. எழுந்து இந்தப் பக்கம் வந்து பாருங்கன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்.”

“சொன்னா வச்சுக்குவாரு.”

“அதுதானே வேணும்?”

“வச்சுக்கிட்டா அது கம்பளமா இருக்காதுடி, கௌரவமா ஆயிடும். என் நாத்தனார் வீட்டை நீ பாத்ததில்ல. அங்க கம்பளத்துமேல ஈ உக்காந்தாக்கூட முறைப்பாங்க. இங்கயும் அப்படி ஆயிட்டா என்னைப் படுக்க விடுவாங்களா?”

“அப்ப?”

“இப்ப அது வேண்டாத சாமான். யாரும் காவல் காக்கல. அதனாலதான் தூங்குறேன்.”

சொன்னாலும் தூக்கம் போகும், சொல்லாவிட்டாலும் போகும். இவளை எப்படிக் கரையேற்றுவது?

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறாள். கம்பளம் தங்குகிறது. அடுத்த வாரமே அந்த வீட்டிலும் நண்டு நடை.

முடிவு இரண்டு: சொல்வதில்லை. கம்பளம் போகிறது. வெறுந்தரையில் படுத்து விட்டத்தைப் பார்க்கிறாள். இதை எழுதிவிட்டு அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

முடிவு மூன்று: ஜன்னலில் தலையை நீட்டி, “டாக்டர், இங்க வந்து பாருங்க!” என்று நானே கத்துகிறேன். (மூக்கை நுழைப்பதற்கும் ஓர் அளவு உண்டு என்று வீட்டில் சொல்கிறார்கள்.)

6

சனிக்கிழமை மதியம். டாக்டர் நாற்காலியில். கடைக்காரரை நாலு கேள்வி கேட்பதற்கென்று வரவழைத்த அவருடைய அக்கா பக்கத்தில். கடைக்காரர் செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்தார்.

“ஒரே ஒரு தடவை அந்தப் பக்கம் வந்து பாத்துருங்க சார்.”

“பேச்சே வேண்டாம். சுருட்டுங்க.”

அவர் குனிந்து ஓரத்தைப் பிடித்தார். அப்போதுதான் சமையலறையிலிருந்து அவள் வந்தாள். என்னைக் கேட்கவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மூவருக்கும் நடுவே போய்க் கம்பளத்தில் படுத்தாள். ஜன்னல் பக்கம் தலையை வைத்து, கன்னத்தை அந்தச் சின்னப் பூவில் பதித்துக் கண்ணை மூடினாள்.

“என்னம்மா இது, ஆள் இருக்கறப்ப?” என்றார் நாத்தனார். ஆனால் குரல் பாதியிலேயே தணிந்துவிட்டது. ஏனென்றால் அவள் தூங்கிவிட்டாள். நடிப்பு இல்லை. நடித்தால் வாய் இப்படித் திறந்துகொள்ளாது.

கடைக்காரர் பிடித்திருந்த ஓரத்தை மெல்லக் கீழே வைத்தார். “தூங்கட்டும் சார். நான் வெளியில நிக்கறேன்.”

டாக்டர் எழுந்தார். இத்தனை காலத்தில் பகலில் அவள் தூங்கி அவர் பார்த்ததில்லை. எழுப்ப வேண்டுமானால் தலைமாட்டுக்குப் போக வேண்டும். தலைமாடு இருப்பதோ ஜன்னல் பக்கம். வலது காலை எடுத்து வைத்தார். கம்பளத்தின் மேல் அல்ல, ஓரமாக.

இங்கேயே அவரை நிறுத்திவிட்டேன். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால் அவர் கண்ணில் முதலில் படுவது மாதுளைச் சிவப்பா, அதில் கிடக்கும் முகமா? எனக்கு எழுதத் துணிவில்லை. இனி அவரை நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கொஞ்சம் மெதுவாகவே கூட்டிப் போங்கள். அவள் இப்போதுதான் அந்தப் பாதையில் திரும்பியிருக்கிறாள்.