முப்பதில் பதினேழு

1.

இந்தக் கதையைத் திங்கட்கிழமை உஷாந்தி போனில் அழுதுகொண்டே சொன்னாள். எழுதச் சொல்லி அவள் கேட்கவில்லை.

முதல் தொடக்கம்: 'போட்டோக் கொப்பிக் கடைக்காரரின் கவனயீனத்தால்...'

வேண்டாம். பழியைக் கடைக்காரர் தலையில் கட்டிவிட்டு நழுவுகிற வேலை. அடித்துவிட்டேன்.

2.

உஷாந்தி கொட்டாஞ்சேனையில் ஏழாம் தரப் பிள்ளைகளுக்குக் கணித வகுப்பு நடத்துகிறாள். பின்னம், தசமம், சதவீதம். "முதல்ல கீழ இருக்கிற எண்ணைப் பாருங்கோ. எத்தினைக்கு எத்தினை எண்டு தெரியாம ஒப்பிடாதேங்கோ" என்று தொண்டை கிழியச் சொல்லுவாள்.

அன்று முப்பது கேள்விகளோடு ஒரு சோதனை. மட்டக்குளியிலிருந்து பஸ்ஸில் வரும் நிஷாந்தினி கை தூக்கினாள்.

"மிஸ், எனக்குக் கடைசித் தாள் இல்ல. இருபது கேள்விதான் இருக்கு."

"இருக்கிறதைச் செய்யும். பிறகு பாப்பம்."

பிறகு பார்க்கவில்லை. பதினேழு சரி. உஷாந்தி 17/30 என்று போட்டு, பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் 57% என்று பட்டியலிட்டாள். (திருத்த நாற்பது தாள், உஷாந்திக்குக் காய்ச்சல் என்று இங்கே ஒரு பத்தி இருந்தது. எல்லாம் சாட்டு.)

3.

அடுத்த வகுப்பில் நிஷாந்தினியைப் பலகைக்கு அழைத்து, அவளுடைய புள்ளியை அவளைக் கொண்டே சதவீதமாக மாற்றுவித்தாள். பிள்ளை பதினேழை முப்பதால் வகுத்தாள். 0.567 என்று எழுதினாள், பக்கத்தில் 57%. ஒரு பிழை இல்லை.

"இப்ப விளங்குதோ, உமக்கு எவ்வளவு பயிற்சி வேணுமெண்டு?"

வகுப்பு சிரித்தது. உஷாந்தியும் சிரித்தாள்.*

* இந்தச் சிரிப்பை நான் இரண்டு தடவை வெட்டினேன். உஷாந்தி அதை மறைக்கவில்லை.

நிஷாந்தினி ஏன் அப்போது வாய் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்தானே.

மறுவாரம் நிஷாந்தினியின் தாய் பேச்சியம்மா உஷாந்திக்குப் போன் எடுத்தாள். "புள்ளைக்குக் கணக்கு ஏறாதுன்னு தெரிஞ்சு போச்சு மிஸ். இனிமே அனுப்பல."

அதன்பிறகுதான் உஷாந்தி அந்தத் தாளைத் தேடி எடுத்தாள். கடைசித் தாள் இல்லை. இருபதில் பதினேழு. 0.85. வகுப்பிலேயே ஆகக் கூடிய புள்ளி. உடனே பேச்சியம்மாவை அழைத்தாள்.

"ஆறுதலுக்குச் சொல்றீங்க மிஸ். குரூப்புல எல்லாரும் பாத்துட்டாங்களே."

4.

முடிவு அ: உஷாந்தி குரூப்பில் மன்னிப்புக் கேட்கிறாள். நிஷாந்தினி திரும்பி...

முடிவு ஆ: உஷாந்தி ஒருவருக்கும் தெரியாமல் மட்டக்குளிக்குப் போய்...

இரண்டையும் பாதியில் விட்டது நான்தான். கதை வராததால் அல்ல.

அந்தப் பட்டியலில் 25/30, 83% எடுத்து முதலாவதாக நின்றவள் என் மகள். படம் பிடித்து வெள்ளவத்தை அக்காவுக்கு அனுப்பினேன். கேக் வெட்டினோம்.

அழுது முடித்த பிறகு உஷாந்தி எனக்கு மட்டும் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாள்: "அக்கா, சரியான புள்ளியைக் குரூப்பில போடப்போறன். உங்கட மகள் ரெண்டாவதாப் போவா. அதான் முதல்ல உங்களிட்டக் கேக்கிறன். போடட்டோ?"

பார்த்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். இன்று வெள்ளிக்கிழமை. அவள் காத்திருக்கிறாள், நான் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

நாளை காலை வகுப்பு. நீங்களாக இருந்தால் திங்கட்கிழமையே 'ஓம்' என்று அனுப்பியிருப்பீர்கள், இல்லையா? உங்கள் பிள்ளை முதலாவதாக வந்திருந்தாலும்?