இப்போ என்று சொன்னவள்

செவெல்மா தேநீருக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது, கூடாரத்தின் உச்சித் துவாரத்தில் தெரிந்த வானம் மஞ்சளானது. கரண்டியை வைத்துவிட்டுக் கதவைத் திறப்பதற்குள் அது செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. எதிர்மேட்டில் மேய்ந்துகொண்டிருந்த மந்தையைக் காணோம். மேட்டையே காணோம். காலையில் அத்தனை சாதுவாக இருந்த காற்று இப்போது கூடாரத்தின் கயிறுகளைப் பிடித்து உலுக்கியது. வாயைத் திறந்து ஆடுகளைக் கூப்பிட்டாள். வாய் நிறைய மண் விழுந்ததுதான் மிச்சம்.

மே மாதத்துப் புழுதிக்காற்றை நம்பவே முடியாது. அது அடித்தால் ஆடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்க ஆரம்பிக்கும். எதிர்த்துத் திரும்பி வர அவற்றுக்குத் தோன்றாது. காற்று போகும் வழியில் போய்க்கொண்டே இருக்கும். செம்மறிகளைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை, கம்பளி இருக்கிறது. பயமெல்லாம் வெள்ளாடுகளைப் பற்றித்தான். முந்தாநாள்தான் கடைசி ஆட்டின் ரோமத்தையும் சீப்பால் வாரி எடுத்து முடித்திருந்தாள். நூற்றுச் சொச்சம் ஆடுகள், மேலே குளிருக்கு ஆகிற மாதிரி எதுவுமில்லாமல் நின்றன. சாயங்காலம் ஈரப்பனி விழும் என்று ரேடியோ சொல்லியிருந்தது. வாரிய ஆட்டின் மேல் ஈரப்பனி விழுந்தால் விடிவதற்குள் விறைத்துச் செத்துப்போகும். இதை அந்தப் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

குதிரைகள் இரண்டும் வடக்கே, பெரிய குதிரை மந்தையோடு. பக்கத்துக் கூடாரத்து சோதோவ் தன் மந்தையைத் தேடித் தன் வண்டியில் எப்போதோ போயிருப்பான். மிச்சம் இருந்தது வாசலில் தார்ப்பாய் மூடி நின்ற ரஷ்ய மோட்டார் சைக்கிள். அதனிடம்தான் அவளுக்குப் பயம்.

உள்ளே கட்டிலில், வலது காலில் முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு அவள் புருஷன் கோம்போ படுத்திருந்தான். அந்தக் காலை உடைத்தது அந்த வண்டிதான். போன வாரம் கிக்கரை மிதித்தான். எஞ்சின் திருப்பி அடித்தது. கிக்கர் எழும்பிவந்து கணுக்காலுக்கு மேலே விழுந்த சத்தத்தை, காய்ந்த குச்சியை உடைக்கிற சத்தம் என்றே முதலில் நினைத்தாள்.

வண்டி கோம்போவின் அண்ணன் கொடுத்தது. போன இலையுதிர் காலத்தில் ஆடுகளை விற்றுவிட்டு, தலைநகரத்தில் ஏதோ கட்டடத்துக்குக் காவல் வேலைக்குப் போனபோது, "நீ ஓட்டு" என்று தம்பி கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து எஞ்சினில் பொறி விழும் நேரம், அதாவது டைமிங், நிலையாக நிற்பதில்லை. சரிசெய்தால் நாலைந்து நாள் நன்றாக ஓடும். பிறகு இருமும், பின்னால் வெடிக்கும். பனிக்காலத்தில் ஒருநாள் எஞ்சின் தலைகீழாகவே சுற்றத் தொடங்கி, முதல் கியரைப் போட்ட கோம்போ நேராகப் பின்பக்கமாகப் போய் எருக்குவியலில் உட்கார்ந்தான். "வண்டிக்கு ஊர் ஞாபகம் வந்துருச்சு, ரஷ்யாவுக்குத் திரும்பிப் போகப் பாக்குது" என்று சோதோவ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கோம்போவும்தான் சிரித்தான்.

டைமிங் வைப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் அரத்தால் கோடு போட்ட சக்கரக்கம்பி ஒன்றை விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கே நிற்கிறது என்று ஒருவர் பார்த்து மெல்லச் சுற்றவேண்டும். இன்னொருவர், பொறியை விடுகிற பாயிண்டின் இரு முனைகளுக்கு நடுவே சிகரெட் தாளைச் செருகி லேசாக இழுத்துப் பிடித்திருக்கவேண்டும். பாயிண்ட் திறக்கிற நொடியில் தாள் விடுபட்டுக் கையோடு வரும். அப்போது "இப்போ" என்று சொல்லவேண்டும். அந்த நொடியில் கம்பியின் கோடும் சரியாக நிற்காவிட்டால் எஞ்சின் திருப்பி அடிக்கும். தாளைப் பிடித்ததும் சொன்னதும் எப்போதும் செவெல்மாதான். கால் உடைந்த அன்றைக்கும் அவள்தான் சொன்னாள்.

"நீ இப்போன்னு சொன்ன நேரம் தப்பு" என்று வலியிலேயே கோம்போ சொன்னான். கட்டுப் போட்ட டாக்டரிடம் சொன்னான். பார்க்க வந்த சோதோவிடமும் அவன் மனைவியிடமும் சொன்னான். செவெல்மாவும் நம்பிவிட்டாள். ராத்திரி படுக்கும்போதெல்லாம் அந்தத் தாள் விரலில் விடுபட்டதை நினைத்து நினைத்துப் பார்ப்பாள். முந்திச் சொல்லிவிட்டேனா, இழுத்த வேகத்தில் தாள் கிழிந்ததை விடுபட்டது என்று நினைத்துவிட்டேனா? ஒரே ஒரு சொல்லால் புருஷன் காலை உடைத்தவள் என்ற நினைப்பு, ஆடுகளை வாரும்போதும் அவளோடு கூடவே உட்கார்ந்திருந்தது.

ஹேண்டிலைத் திருப்பி, வண்டியைக் கதவுக்குள் தள்ளிக் கட்டிலருகே நிறுத்தினாள். பின்னாலேயே ஒரு கூடை மண் உள்ளே வந்தது.

"என்ன பண்ணப் போற?" என்றான் கோம்போ.

"மந்தை போயிருச்சு. நான் போகணும்."

"அது ஸ்டார்ட் ஆகாது. ஆனாலும் உன் காலையும் சேத்து உடைக்கும். ரெண்டு பேரும் படுத்துக்கிட்டா யாரு அடுப்புக்கு எரு பொறுக்குறது?"

"சொல்லிக்கொடுங்க, பண்றேன். பேசாம படுத்துட்டிருக்க முடியுமா? அங்க ஒண்ணொண்ணா விழுந்துட்டிருக்கும்."

அவன் முழங்கையை ஊன்றி நிமிர்ந்தான். "சைடு மூடியக் கழட்டு. பாயிண்ட் பிளேட்ட மட்டும் லேசாத் திருப்பு. நடுவுல இருக்குற போல்ட்டத் தொடாத."

"ஏன்?"

"தொடாதன்னா தொடாத."

மூடியைக் கழற்றினாள். பிளேட்டைத் திருப்பிப் பார்த்தாள், அது இதற்குமேல் போகாது என்று கடைசியில் முட்டிக்கொண்டு நின்றது. நடுவில் இருந்த போல்ட்டில் ஸ்பேனர் தடங்கள் பளபளத்தன. நிறையத் தடவை கழற்றி மாட்டிய போல்ட். அவன் கண்ணை மூடியிருந்த நேரம் பார்த்து ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினாள். போல்ட்டோடு, பாயிண்டைத் தள்ளித் திறக்கிற கேமும் கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது. அதன் உட்புறத்தில் ஒரு சிறிய பள்ளம். எஞ்சின் தண்டில் அந்தப் பள்ளத்துக்கு நேராக ஒரு சின்ன ஓட்டை. ஓட்டைக்குள் ஒன்றுமில்லை.

இத்தனை துல்லியமாக ஒரு பள்ளமும் ஓட்டையும் சும்மா இருக்குமா? தாள் விடுகிற நேரத்தைத் தீர்மானிக்கிற சாமான் இதுதான் என்றால், இது இஷ்டத்துக்குச் சுழல விட்டிருப்பார்களா? அவள் எழுந்து போய், ஏரியல் கம்பி வைத்த மேசைபோனை எடுத்து, மூத்தாருக்குப் போட்டாள்.

"அண்ணனத் தொந்தரவு பண்ணாத" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. அதற்குள் மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

"என்னம்மா, காத்து இரைச்சல் இங்க வரைக்கும் கேக்குது. தம்பி கால் எப்படியிருக்கு?"

"கால் இருக்கட்டும் அத்தான். மந்தை காத்தோட போயிருச்சு. வண்டியப் பிரிச்சு வச்சிருக்கேன். கேம் தனியாக் கழண்டு வருது. தண்டுல ஒரு ஓட்டை இருக்கு, காலியா இருக்கு. அதுல என்ன இருக்கணும்?"

லைன் போய்விட்டதோ என்று போனைத் தட்டினாள்.

"ஒரு முளை. அரிசி அளவுதான் இருக்கும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது எங்கிட்ட இருக்கும்மா" என்றார்.

"உங்ககிட்டயா?"

"குதிரையக் கொடுத்தா தலைக்கயிற நாம வச்சுக்கறதில்லையா? ஆட்ட வித்தா மூக்கத் தொடச்ச துணிய வச்சுக்கறோம். அந்த வண்டியிலதான் நான் இத்தன வருஷம் மந்தை மேச்சேன். எல்லாத்தையும் வித்துட்டு வெறுங்கையோட வந்தா இருக்குற கொஞ்ச பாக்கியமும் அதோட போயிருமேன்னு பயம். வண்டிக் கண்ணாடியக் கழட்டினா தம்பி மனசு கஷ்டப்படும். அதான் வெளிய தெரியாததா ஒண்ணு எடுத்தேன். போல்ட்ட இறுக்கினா நிக்கும்னு நெனச்சேம்மா. இங்க புத்தர் படத்துக்கு முன்னால கிண்ணத்துல வச்சிருக்கேன்."

செவெல்மாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரோ கட்டின கட்டடத்தின் வாசலில், யாருக்கோ கதவு திறந்துவிட்டுக்கொண்டு, ஒரு அரிசி மணி அளவு இரும்பை நம்பி உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம் என்ன கோபப்படுவது? "சரி அத்தான், வச்சிருங்க" என்று போனை வைத்தாள்.

திரும்பினாள். "முளை உங்க அண்ணன்கிட்ட இருக்காம்" என்றாள்.

கோம்போ எந்த முளை என்று கேட்கவில்லை. முகத்தைக் கூடாரச் சுவரின் பக்கம் திருப்பிக்கொண்டான்.

கையில் இருந்த கேமையும் அந்தப் பளபளத்த போல்ட்டையும் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் இதைக் கழற்றியவன் அவன். கேமைக் கையாலேயே வைத்து, இவள் "இப்போ" என்றதும் போல்ட்டை முறுக்கியவன் அவன். முறுக்குகிற போல்ட் கேமையும் கூடவே கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டு போயிருக்கும். இவள் சொன்ன நேரம் சரிதான். சொன்னதற்குப் பிறகுதான் தப்பு நடந்திருக்கிறது.

"தெரியுமா உனக்கு?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை நீ என்று சொன்னதில்லை.

"பனிக்காலத்துலயே பாத்தேன்."

"பாத்துட்டு?"

"என்ன பண்ணச் சொல்ற? கொடுத்தவன்கிட்ட போயி, எதத் திருடி வச்சிருக்கன்னு கேக்கறதா? அவன் என்ன வளத்தவன்."

"அதுக்கு என் தலையில கட்டினியா?"

"உன் மேல போட்டா வீட்டோட போயிரும்னு நெனச்சேன்."

"வீட்டோட போகல. சோதோவ் பொண்டாட்டி என்னப் பாத்தா இப்பல்லாம் கும்பிடு போடறதுக்குப் பதிலா 'இப்போ'ன்னுதான் கூப்பிடறா. நானும் பல்லக் காட்டிட்டு வரேன்."

கூடாரத்தின் மேல் மண் சலசலவென்று விழுந்துகொண்டேயிருந்தது. அழுவதற்குக்கூட அவளுக்கு நேரமில்லை. அந்த எரிச்சலில்தான் கண் கலங்கியது. ரோமம் வாரும் சீப்பை எடுத்தாள். அதன் எஃகுப் பற்களில் ஒன்றைக் குறடால் வெட்டி, ஓட்டையில் வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் வெட்டி, அரத்தால் ராவினாள். மூன்றாவது துண்டு இறுக்கமாக உட்கார்ந்தது. கேம் அதன் மேல் பொருந்தி அசையாமல் நின்றது.

"தாளப் பிடி" என்றாள்.

கோம்போ கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்து, மாவுக்கட்டைக் கையால் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, சிகரெட் தாளைப் பாயிண்டுக்கு நடுவே செருகினான். அவள் கம்பியைப் பார்த்தபடி எஞ்சினைச் சுற்றினாள்.

"இப்போ" என்றான்.

கம்பியின் கோட்டைப் பார்த்தாள். பிளேட்டை மயிரிழை நகர்த்தினாள். "திரும்பவும் சொல்லு."

"இப்போ."

"திரும்பவும்."

அவன் சொன்னான். அவள் தேவைக்கு மேலும் ஒருமுறை சொல்ல வைத்தாள். பிறகு எல்லாவற்றையும் இறுக்கி, மூடியைப் போட்டு, வண்டியை வெளியே தள்ளினாள்.

கிக்கரில் காலை வைத்ததும் கணுக்கால் தானாகவே பின்வாங்கியது. இரண்டு தடவை அப்படி ஆயிற்று. மூன்றாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். ஒன்றுமில்லை. இன்னொரு மிதி. இருமியது. அதற்கடுத்த மிதியில் பிடித்துக்கொண்டது. நீலப்புகையைக் காற்று அப்படியே வாரிக்கொண்டு போயிற்று. திறந்திருந்த கதவு வழியாகக் கோம்போவின் வாய் அசைவது தெரிந்தது. மன்னிப்பாகவும் இருக்கலாம், பெட்ரோல் குழாயைத் திறந்தாயா என்றும் இருக்கலாம். கேட்கவில்லை. முதல் கியரைப் போட்டாள். வண்டி முன்னால்தான் போயிற்று.

காற்று போகிற திசையிலேயே போனாள். முகத்தைத் துணியால் சுற்றிக் கண்ணை இடுக்கிப் பார்த்தும் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. வழியில் ஒரு செத்த வெள்ளாடு கிடந்தது; கீழ்மந்தைக்காரர்களுடைய காதுக்குறி என்று பார்த்ததும் வந்த நிம்மதிக்காக வெட்கப்பட்டாள். அதற்கப்புறம் புழுக்கைகூட இல்லை. உலர்ந்த ஓடை பிரிகிற இடத்தில் இடதா வலதா என்று தெரியவில்லை. எஞ்சின் இரைச்சலில் ஆடு கத்தினாலும் கேட்காது. அணைத்தால்தான் கேட்கும். அணைத்தபின் திரும்பவும் பிடிக்காவிட்டால், அவளும் அந்த ஆடுகளில் ஒன்றுதான்.

சாவியைத் திருப்பி அணைத்தாள்.

முதலில் வெறும் காற்று. பிறகு, இடப்பக்கம் கீழே, கிழவன் செருமுவதுபோல ஒரு சத்தம்.

வண்டியைச் சரிவில் உருட்டிக்கொண்டே இறங்கினாள். ஓடைக்கரையின் மண்சுவரோடு ஒட்டிக்கொண்டு எல்லாம் ஒரே குவியலாக நின்றன, வெளிவட்டத்தில் செம்மறிகள், நடுவே வெள்ளாடுகள். சில படுத்திருந்தன. படுத்தவற்றில் எவை எழும் என்று அவள் பார்க்கவில்லை. முதல் பனிச்செதில்கள், மண்ணோடு கலந்து, பழுப்பாக விழத் தொடங்கின. வாரிய முதுகுகளில் விழுந்தவை உருகி, தோலின் மேல் கோடாக வழிந்தன.

இனி இவற்றைக் காற்றுக்கு எதிராகத் திருப்பவேண்டும். பின்னால் வண்டியின் இரைச்சல் துரத்தினாலொழிய ஒன்றும் ஓரடி நகராது. அவள் கிக்கரைக் காலால் தேடினாள். அதற்குள் சூடு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டன. ஒன்று வந்து எஞ்சினோடு விலாவை ஒட்டிக்கொண்டு நின்றது. பின்னாலேயே இரண்டு, அப்புறம் ஒரு குட்டி, அவள் முழங்காலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே தலையை நுழைத்தது. தோல் கருகும் வாடை லேசாக வந்தது, ஆனாலும் அவை விலகவில்லை. செவெல்மா ஒரு காலைக் கிக்கரின் மேல் வைத்தபடி நின்றாள். மிதித்தால் இவை மிரண்டு சூட்டை விட்டு ஓடும், மிதிக்காவிட்டால் எதுவும் வீடு சேராது. நாலா பக்கமும் ஆடுகள் நடுங்கின. எஞ்சின் ஆறிக்கொண்டிருந்தது.