நல்லாயி சொன்ன பொய்

திங்கட்கிழமை காலையில் முதல் லாரிக் கிழங்கு இறங்கி முடிவதற்குள் கந்தம்மாள் நாலு கிழங்குத் தோல்துண்டுகளை முந்தானையில் போட்டுக் குலுக்கி நீட்டினாள். நீளத்துண்டு ராஜா, குட்டைத்துண்டு மந்திரவாதி, நடுவில் கீறல் போட்டது காவல்காரன், அழுகல் முனை கள்ளன். மாரக்காள் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாள். விரலில் பிசுபிசுத்தபோதே எது வந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

"கள்ளன் வந்துட்டான்டோய்!" என்று அத்தாயி கைதட்டினாள். அந்த வாரத்துக் காவல்காரன் அவள்.

அது ஓமலூர் ரோட்டோரம் இருந்த ஒரு ஜவ்வரிசி மில். எண்பத்து மூன்றாம் வருடம், மழை ஏமாற்றிய இரண்டாவது வருடம். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியெல்லாம் விரல் தண்டிதான் விளைந்திருந்தது, ஆனாலும் லாரி லாரியாக வந்து குவிந்தது. குவியலைச் சுற்றி உட்கார்ந்து நாற்பது பெண்கள் தோல் உரித்தார்கள். கத்தியால் நெடுக ஒரு கீறல், கீறலுக்குள் கட்டைவிரலை விட்டு ஒரு நெம்பல், தோல் சட்டை கழன்ற மாதிரி வந்துவிடும். காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை இதே வேலை. வாயும் சும்மா இருந்தால் பைத்தியம்தான் பிடிக்கும் என்று, வரிசையின் கடைக்கோடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்காரும் கூட்டத்துக்குக் கந்தம்மாள் இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சீட்டெழுதிக் குலுக்கி விளையாடும் ராஜா ராணி திருடன் ஆட்டம்தான். இவர்களுக்கு எழுத்துத் தெரியாது, ஆகையால் சீட்டுக்குப் பதில் தோல். பிள்ளைகளுக்குத் திருடனைக் கண்டுபிடித்தவுடன் ஆட்டம் முடிந்துவிடும், இவர்களுக்கு அப்போதுதான் ஆரம்பம். எந்த வேஷம் விழுந்ததோ அந்த ஆளாகவே சனிக்கிழமை வரை பேச வேண்டும். யாருடைய கூடை முதலில் காலியாகிறதோ அவள் கதையை ஒரு அடி நகர்த்துவாள். மதிலைத் தாண்டினானா இல்லையா, பூட்டுத் திறந்ததா இல்லையா என்று சந்தேகம் வந்தால் ஒரு தோலைச் சுண்டிவிடுவார்கள். வெள்ளைப்பக்கம் மேலே விழுந்தால் நடந்தது, மண்பக்கம் மேலே விழுந்தால் நடக்கவில்லை. ஒருமுறை சொன்னதைப் பிறகு மாற்றக்கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம், சனிக்கிழமைக்குள் கள்ளன் பிடிபட்டே ஆக வேண்டும். ராஜா கையை வெட்டச் சொல்வார், கள்ளன் காலில் விழுவான், சிரித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

மூன்று மாதத்துக்கு முன்புவரை ஐந்து துண்டு குலுக்கினார்கள். ஐந்தாவது ராணி. அப்போது ஐந்தாவது ஆளாக உட்கார்ந்த ராஜம்மாள் எந்தத் துண்டை எடுத்தாலும் ராணி மாதிரியேதான் பேசுவாள், கள்ளனாக வந்தால்கூட முதுகை நிமிர்த்திக்கொண்டு திருடுவாள். மில்லை விட்டு வெளியே போகும்போது கேட்டில் மேஸ்திரி தீர்த்தகிரி நிற்பார். ஒவ்வொருத்தியும் மடியை அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஒருநாள் அந்த நெரிசலில் ராஜம்மாளின் காலடியில் இரண்டு கிழங்கு கிடந்தது. "நான் எடுக்கலீங்க, சத்தியமா எடுக்கலீங்க" என்று அவள் சொல்லச் சொல்ல மேஸ்திரி அவள் பெயரை அடித்துவிட்டார். அவள் உட்கார்ந்த பலகை தொட்டியோரம் அப்படியே கிடந்தது. யாரும் அதை எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

ராஜாவாக வந்த கந்தம்மாள் கதையைத் தொடங்கினாள். இந்த ராஜா மழையைப் பிடித்து ஒரு செப்புக்குடத்துக்குள் அடைத்து, வாயை மெழுகால் மூடி, ஏழு பூட்டுப் போட்டு வைத்திருக்கிறான். அதைத் திருடக் கள்ளன் ஒருவன் வருகிறான்.

"கள்ளன் இல்லீங்கக்கா, கள்ளி," என்றாள் மாரக்காள். "பேரு நல்லாயி."

"கள்ளனுக்குப் பேரு வேற கேக்குதா?" என்றாள் மந்திரவாதி குப்பாயி. "வந்தானா, எடுத்தானா, மாட்டுனானான்னு போவியா!"

"ராசாவுக்குப் பேரு இருக்குது. ராசா குதிரைக்குக்கூட போன வாரம் பேரு வெச்சீங்க. என்ற கள்ளிக்கு ஒண்ணு இருந்தா என்ன கொறஞ்சா போயிரும்?"

பெயர் வைத்ததோடு அவள் நிறுத்தவில்லை. நல்லாயிக்கு இடதுகைப் பழக்கம். பூட்டைக் கண்டால் திறக்காவிட்டாலும் ஒருமுறை தொட்டுப் பார்க்காமல் தாண்ட மாட்டாள். திருடிய இடத்தில் ஒரு புளியங்கொட்டையை வைத்துவிட்டு வருவாள், வந்துபோனது யார் என்று வீட்டுக்காரனுக்குத் தெரிய வேண்டாமா என்பாள். குரைக்கிற நாயோடு உறவுமுறை சொல்லிப் பேசுவாள். வாயைத் திறந்தால் பொய்தான், அதையும் முகம் கோணாமல் சொல்வாள். செவ்வாய்க்கிழமை மதியம் நல்லாயி காவல்காரனிடம் தன்னை அவனுடைய சின்ன மாமியார் என்று சொல்லிச் சோறு வாங்கித் தின்றபோது, அடுத்த வரிசைப் பெண்களும் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். மாரக்காளுக்கே வியப்பாக இருந்தது. வீட்டில் புருஷனிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள் அவள். இந்தக் கள்ளி எங்கே இத்தனை நாள் ஒளிந்திருந்தாள் என்று நினைத்துக்கொண்டே கிழங்கைக் கீறினாள்.

புதன்கிழமை கந்தம்மாள் கேட்டாள். "ஏண்டி, இத்தன சாமர்த்தியம் இருக்கறவ கள்ளியா ஏன் போனா?"

மாரக்காள் யோசிக்கவே இல்லை. நல்லாயி சின்ன வயதில் அரண்மனைக் களத்தில் நெல் தூற்றினாள் என்றாள். பொழுது சாய்ந்ததும் வாசலில் எல்லாப் பெண்களும் மடியை உதறிக் காட்ட வேண்டும். ஒருநாள் நெரிசலில் அவள் காலடியில் ஒரு மோதிரம் கிடந்தது. அவள் எடுக்கவில்லை. சொன்னாள், யாரும் கேட்கவில்லை. "கள்ளின்னு பேரு வெச்சுட்டீங்க. வெச்ச பேரைக் காப்பாத்தோணுமில்ல, அதான் அன்னைக்கிருந்து எடுக்கறேங்கறா."

கத்திகள் நின்றுவிட்டன. அத்தாயி மூக்கை உறிஞ்சினாள். "ராஜம்மாக்கா கதையாட்டவே இருக்குதுங்கக்கா," என்றாள். குப்பாயி தொட்டியோரம் கிடந்த பலகையைப் பார்த்தாள்.

 அன்றைக்கு ராஜம்மாளின் காலடியில் கிடந்த இரண்டு கிழங்கும் மாரக்காளுடையவை. வாரத்தில் இரண்டு நாளாவது அவள் மடிக்குள் இரண்டு மூன்று கிழங்கு போகும், கேட்டை நெருங்கும்போது இடுப்பில் இறுக்கிச் செருகிவிடுவாள். அன்றைக்கு முடிச்சு தளர்ந்தது. மேஸ்திரியின் கை தன் பக்கம் திரும்புவதைப் பார்த்ததும் விரலை லேசாக விட்டாள். கிழங்கு நழுவிப் போய்ப் பக்கத்தில் நின்றவளின் காலடியில் விழுந்தது. வாயைத் திறக்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, அந்த ஒரு நிமிடத்தை அவள் விட்டுவிட்டாள். போன வாரம் ஓமலூர்ச் சந்தையில் ராஜம்மாளைப் பார்த்தாள். கரும்புக்காட்டில் காய்ந்த சோகை உரிக்கப் போகிறாளாம், கையெல்லாம் கீறல். அந்தக் கையால் மாரக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்டவீங்கெல்லாம் மூஞ்சியத் திருப்பிக்கறாங்க. நீ ஒருத்திதான் சாமி நின்னு பேசற," என்றாள். இப்போது மாரக்காள் அவளுடைய வேலையைத் திருடியது போதாதென்று, அவள் பட்ட பாட்டையும் திருடித் தன் கள்ளிக்கு உடுத்திவிட்டாள். அதைக் கேட்டு நாலு பேர் கண்கலங்குகிறார்கள். இதைவிடக் கேவலம் வேறொன்று இருக்க முடியாது என்று தோன்றியது. அன்று முழுக்க அவளுடைய கூடை ஒருமுறைகூட முதலில் காலியாகவில்லை.

வெள்ளிக்கிழமை மேஸ்திரி வந்து நின்று கதை கேட்டார். அவருக்குக் கதை பிடித்தும் இருந்தது, பிடிக்காமலும் இருந்தது. "நாளைக்கு அந்தக் கள்ளி மாட்டோணும், ஆமா," என்றார் போகும்போது. "கள்ளி தப்பிச்சுப் போற கதையெல்லாம் இங்க ஆகாது. ராஜம்மா கதி என்னாச்சுன்னு தெரியுமில்ல?"

சனிக்கிழமை மதியம் நல்லாயி ஆறு பூட்டைத் திறந்தாள். ஏழாவது பூட்டுக்கு அத்தாயி தோலைச் சுண்டினாள், மண்பக்கம் விழுந்தது. காவல்காரன் கையைப் பிடித்துவிட்டான். மேஸ்திரி ஒரு சாக்குமூட்டைமேல் உட்கார்ந்து தொடையைத் தட்டினார். கந்தம்மாள் கத்தியை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ராஜாவின் குரலில் கேட்டாள். "கையை வெட்டறதுக்கு முன்னால என்ன சொல்ற? கால்ல உழு!"

"உழுவ மாட்டேனுங்க ராசா," என்றாள் மாரக்காள். "மழையக் குடத்துல பூட்டி வெச்சவன் காலுல எதுக்கு உழுவோணும்? ஆனா ஒண்ணு சொல்லோணும். புதங்கெழமை நான் சொன்னது பொய்."

"சொன்னதை மாத்தக்கூடாதுடி!" என்று குப்பாயி குறுக்கே விழுந்தாள்.

"மாத்தலீங்க. நல்லாயி அப்பிடித்தான் சொன்னா. சொன்னது பொய். கள்ளி பேச்சை நம்பி அழுதது உங்க தப்பு."

எல்லோரும் சிரித்தார்கள், மேஸ்திரியும்தான். மாரக்காள் சிரிக்கவில்லை. "மோதிரத்தை எடுத்தது நல்லாயிதான். மாட்டிக்குவோமுன்னு விரலை உட்டுட்டா. அது பக்கத்துல நின்னவ காலடியில போயி உழுந்துச்சு. அந்தப் புள்ள ஒண்ணுமே எடுக்கல. அவளைத் தொரத்துனப்ப நல்லாயி வாயைத் தொறக்காம மடியை உதறிக் காட்டிட்டு ஊட்டுக்குப் போயிட்டா."

சிரிப்பு ஒவ்வொரு முகமாக அணைந்தது. அத்தாயிக்குத்தான் கடைசியில் புரிந்தது, வாயில் கையை வைத்துக்கொண்டாள். கந்தம்மாள் கத்தியை இறக்கி மடியில் வைத்தாள். மாரக்காளைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். ராஜாவின் குரல் போய்விட்டது. "இதுக்கு எங்கிட்டத் தீர்ப்புக் கேக்காத ஆத்தா. இது எனக்குச் சேந்த வழக்கில்ல," என்றாள். மேஸ்திரி எழுந்து, யாரையும் பார்க்காமல், "வேலையப் பாருங்க, வேலையப் பாருங்க," என்று சொல்லிக்கொண்டே போனார்.

ஐந்து மணி ஆயிற்று. மாரக்காள் தன் கூடையை முடித்தாள். பிறகு குவியலிலிருந்து நல்லதாக இரண்டு கிழங்கைப் பொறுக்கி, எல்லோரும் பார்க்க மடியில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வரிசை கேட்டை நோக்கி நகர்ந்தது. வெயில் இன்னும் இறங்கவில்லை. அவள் முறை வந்ததும் மடியை அவிழ்த்தாள். கிழங்கு இரண்டும் மேஸ்திரியின் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தன.

"அன்னைக்கு உழுந்ததும் என்னுதுதானுங்க," என்றாள். "ராஜம்மாளைத் திரும்பக் கூப்புட்டுக்குங்க."

தீர்த்தகிரி கெட்டவர் இல்லை. தான் பிடித்த ஒரே கள்ளி கள்ளியே இல்லை என்று நாற்பது பேர் முன்னால் ஆகிவிட்டது, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. குரலைத் தாழ்த்தினார். "பசிக்கு எடுத்தேன்னு சொல்லு மாரக்கா. மொதலாளிகிட்டச் சொல்லிப் பாக்கறேன். அந்தப் பழைய கதைய உட்டுரு."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டால் திங்கட்கிழமை வேலைக்கு வரலாம். அவளுக்கு அது தெரியும். வீட்டில் ஆடு ஒன்றும், கோபம் வந்தால் சோற்றுச்சட்டியை உடைக்கிற புருஷனும் இருப்பதும் தெரியும்.

"பசிக்கு எடுக்கலீங்க," என்றாள். "மிஞ்சுன கெழங்கு மறாநாளு புளிச்சுப் போகுது, எருக்குழியில கொட்டறீங்க. எங்களை மட்டும் மடியை உதறச் சொல்றீங்க. எடுக்காதேன்னு சொன்னீங்க, அதுக்குத்தான் எடுத்தேன். எடுத்ததுக்கு நான் வெக்கப்படலீங்க. ராஜம்மா தலையில உழுந்தப்ப பேசாம நின்னன் பாருங்க, அதுக்குத்தான் வெக்கம்."

"இப்பப் போனா திரும்ப வர முடியாது."

"திரும்ப வாரேன்னு யாருங்க சொன்னா? அவளைக் கூப்புடுங்கன்னுதான் சொன்னேன்."

குனிந்து கிழங்கு இரண்டையும் எடுத்தாள். மண்ணைத் தட்டி, இடதுகையால், மெதுவாக மடியில் வைத்து முடிந்தாள். மேஸ்திரியின் கை பாதிவழி எழுந்து நின்றுவிட்டது. பின்னால் அத்தாயி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், கந்தம்மாள் அவள் தோளை அழுத்தினாள். மாரக்காள் கேட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கினாள். முதுகை நிமிர்த்தித்தான் நடந்தாள். ஆனால் ஏரிக்கரையில் ராஜம்மாள் வீட்டுப் பக்கம் திரும்பியதும் நடையை மெதுவாக்கினாள். மேஸ்திரியிடம் பேசியது சுலபம். அங்கே அவளுக்குக் கோபம் இருந்தது. ராஜம்மாள்மேல் கோபப்பட அவளிடம் ஒன்றுமே இல்லை.

ராஜம்மாள் தன் வீட்டு வாசல் படலோரம் உட்கார்ந்து கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. "வா சாமி, வா. வேல உட்டு நேரா வாரியா?" என்று கல்லைத் துடைத்துவிட்டாள். மாரக்காள் உட்காரவில்லை. மடியை அவிழ்த்துக் கிழங்கு இரண்டையும் அவள் முன்னால் வைத்தாள்.

"அடி கள்ளி!" என்று ராஜம்மாள் சிரித்தாள். செல்லமாகத்தான் சொன்னாள். கூரையில் செருகியிருந்த கத்தியை எடுத்தாள். மூன்று மாதம் ஆகியும் கை மறக்கவில்லை. நெடுக ஒரு கீறல், கட்டைவிரலால் ஒரு நெம்பல். தோல் முழுசாகக் கழன்று, காற்றில் ஒருமுறை புரண்டு, இருவர் காலடிக்கும் நடுவில் விழுந்தது.

எந்தப் பக்கம் மேலே விழுந்தது என்று மாரக்காள் பார்க்கவில்லை.

"ராஜம்மா," என்றாள். "அந்தக் கத்தியைக் கொஞ்சம் கீழ வெய்யி. நான் சொல்றதக் கேளு."