ஒரு சொல்லுக்குக் கொடுத்த ரத்தம்

லேபிலிருந்து ஃபோன் வந்து பத்தொன்பது மணி நேரமாகியும் சின்னவளுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. "நேர்ல வாங்க. கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க." லேப்காரி சொன்னது அவ்வளவுதான்.

கூட வந்தவள் அக்கா. டாக்டர் அறை வாசலில் காத்திருந்தபோது கேட்டாள்.

"நல்லாத்தானே இருந்தே? எதுக்குடி ரத்தம் குடுத்தே?"

"அகராதிக்கு, அக்கா."

"அது இப்ப ரத்தம் வேற குடிக்குதா?"

சின்னவள் வேலை பார்ப்பது ஓர் அகராதி அலுவலகத்தில். கண்ணால் பார்க்காத பொருளை எழுதக் கூடாது என்பது அங்கே சட்டம். பி.எஸ்ஸி. படித்தவளாயிற்றே என்று 'டிரா' என்ற ஆங்கில வினைச்சொல்லை அவள் தலையில் கட்டினார்கள். ஓவியர் கோடு வரைவதைப் பார்த்தாள். வங்கியில் பணம் எடுப்பதை, இரண்டு அணிகள் வெற்றி தோல்வியில்லாமல் கலைவதைப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'இழு' என்று பொருள். அந்த ஆட்டத்தில் யார் எதை இழுத்தார்கள் என்பது மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை.

மிச்சமிருந்தது, ஊசியால் ரத்தம் எடுப்பது. முன்பின் தெரியாதவர் கையைப் போய் எப்படி உற்றுப் பார்ப்பது? கூச்சத்தில் தன் கையையே நீட்டிவிட்டாள். எடுத்ததைக் கொட்டுவானேன் என்று லேப்காரி, இவளிடம் கேட்டுக்கொண்டுதான், மெஷினில் வைத்தாள்.

"பயந்தாங்கொள்ளி. கை ஐஸா இருக்கு பாரு," அக்கா அவள் உள்ளங்கையைத் தேய்த்தாள். "மெஷின் ஏதாவது உளறியிருக்கும்."

சின்னவள் கையை இழுத்துக்கொண்டாள். மெஷின் உளறவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

உள்ளே டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெள்ளை அணுக்கள் தாறுமாறா ஏறியிருக்கு. தட்டணுக்கள் ரொம்பக் குறைவு. இன்னும் சில டெஸ்ட் பண்ணாம எதையும் சொல்ல மாட்டேன். ஆனா எத்தனை நாளா இப்படின்னு எனக்குத் தெரியணும். ஏதாவது தொந்தரவு இருந்துதா?"

"இவளுக்கா? ஒரு தும்மல்கூட வராது டாக்டர்," என்றாள் அக்கா.

டாக்டர் சின்னவளையே பார்த்தார். அவர் சொன்னதெல்லாம் அவள் பரீட்சைக்குப் படித்த பாடம்தான். நோயின் பெயர்கூட நெஞ்சுக்குள் நின்றது. வாயைத் திறந்தால் அது நிஜமாகிவிடும் என்று இத்தனை நாள் விழுங்கி வைத்திருந்தாள்.

"ரெண்டு மாசமா பல் தேய்க்கிறப்ப ரத்தம் வருது, அக்கா. எங்கேயும் இடிக்காமலே உடம்பெல்லாம் கன்னிப்போகுது. உன்கிட்டகூட சொல்லல."